சாமித் தட்டில் ஒரு போத்தல்

"பருப்புல உப்பு பத்தலன்னு போய்ச் சொல்லு" என்று அழகமுத்து பூனையிடம் சொன்னார்.

பூனை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே ஜெயம்மா ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். புருசன் உட்கார்ந்திருந்த திசையில் அரைப் பார்வைகூடத் தவறி விழுந்துவிடாதபடி கழுத்தைக் காத்துக்கொண்டு, அவளும் பூனைக்கே பதில் கொடுத்தாள்.

"உப்புச் சிரட்ட அங்கதான் இருக்கு. கண்ணு தெரியிறவங்க எடுத்துப் போட்டுக்கலாம்னு சொல்லு."

'கண்ணு' என்ற சொல்லில் அவள் கொடுத்த அழுத்தத்துக்கு லயத்து வரிசை வீடுகளின் தகரக்கூரை ஒரு முழம் எழும்பித் திரும்ப உட்கார்ந்தது. அழகமுத்து உப்பில்லாமலே சாப்பிட்டு முடித்தார்.

சண்டைக்குக் காரணம் ஒரு கண்ணாடி. தெரணியகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் பாலுக்கு அசிட் கலக்கிற வேலை அழகமுத்துவுக்கு. வெட்டுக்காரர்கள் மரத்துக்கு மரம் சிரட்டையில் சேர்த்துக் கொண்டுவரும் பாலை வடிகட்டித் தட்டங்களில் ஊற்றி, தண்ணீரில் கரைத்த பார்மிக் அசிட்டை அளவாக விட்டால், சாயங்காலத்துக்குள் பால் இறுகி வெள்ளைப் பாளமாகிவிடும். கரைத்த அசிட் சாது. கரைக்கும் முன்னால், நீலக் கேனுக்குள் இருக்கும்போது, அது யாரோடும் சமாதானம் பேசாது. மூடியைத் திறந்தால் மூக்கு எரியும். தோலில் பட்டால் கொப்புளம். கண்ணில் பட்டால் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான்.

அதற்காக ஆபீஸிலிருந்து முழங்கை வரைக்கும் ஏறும் கையுறை, ஏப்ரன், ரப்பர் பூட்ஸ், இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டுகிற பெரிய கண்ணாடி எல்லாம் கொடுத்திருந்தார்கள். கையுறையைப் போட்டுக்கொண்டு லயத்துப் பெண்கள் பலாப்பழம் வெட்டினார்கள். ஏப்ரன் மழைக்காலம் முழுவதும் விறகைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. வலது கால் பூட்ஸுக்குள் ஒரு கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்தது; அந்தக் குஞ்சுகள் கடைசிவரை ரப்பர் வாசத்தோடுதான் திரிந்தன என்று லயமே சத்தியம் செய்யும். கண்ணாடி மட்டும் அசிட் அறை ஆணியில் பத்திரமாகத் தொங்கியது. பெரிய தொரையின் ஜீப் சத்தம் கேட்டால் அது அழகமுத்துவின் முகத்துக்கு ஏறும். ஜீப் போனதும் ஆணிக்கு இறங்கும். அதைப் போட்டால் தவளை மாதிரி இருக்கிறார் என்று யாரோ ஒருத்தி சொல்லிவிட்டாள். தோட்டத்திலேயே அழகன் என்று பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டு பிறந்த மனிதருக்கு அது பொறுக்குமா?

கண்ணாடி அப்படி ஆணியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் ஒரு சொட்டு தெறித்து, அவருடைய இடது புருவத்தில் பாதியைக் கொண்டுபோனது. சாயங்காலம் வீட்டுக்கு வந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் ஜெயம்மா கையிலிருந்த குடத்தைப் போட்டாள்.

"கண்ணுல பட்டிருந்தா என்னங்க ஆயிருக்கும்? அந்தக் கண்ணாடியப் போட்டா ஒங்க அழகு ஒழுகிப் போயிருமா? கண்ணு போயிட்டா என் மூஞ்சிய எப்பிடிங்க பாப்பீங்க?"

பக்கத்து வீட்டு ஆட்கள் வாசலில் நின்றார்கள். ஆள் நின்று கேட்டால் அழகமுத்துவுக்கு நாக்கு அரிக்கும்.

"கல்யாணங்கட்டின நாள்லருந்து பாத்துக்கிட்டுத்தானே புள்ள இருக்கேன்? பாத்த வரைக்கும் போதும்."

வாசலில் எழுந்த சிரிப்பு ருவான்வெல்லை வரைக்கும் கேட்டிருக்கும். ஜெயம்மா மட்டும் சிரிக்கவில்லை. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். அன்று மூடிய வாய் அதற்குப் பிறகு பூனைக்கு மட்டும்தான் திறந்தது. தனியாக இருக்கும்போதெல்லாம் அழகமுத்து அந்த வாக்கியத்தை நினைத்துப் பார்ப்பார். வாசலில் இனித்தது உள்ளே வந்ததும் கசந்தது. உப்புக் கேட்கப் பூனையை அனுப்பலாம். மன்னிப்புக் கேட்கவும் அதையே அனுப்புவதா?

இத்தனைக்கும் அசிட் விசயத்தில் அவர் மற்றவர்களுக்குப் பெரிய நெருப்பு. அவர் ஸ்டோரில் ஒரு சத்தம் போட்டால் அக்கரைத் தோட்டத்தில் பால் தானாகவே உறைந்துவிடும். "தண்ணிக்குள்ளதான் அசிட்ட ஊத்தணும்! அசிட்டுக்குள்ள தண்ணிய ஊத்தினா அது கொதிச்சு மூஞ்சிக்கே திரும்பி வரும்!" "மேல பட்டா மஞ்சளும் வேணாம், மந்திரமும் வேணாம். ஊத்துறவன் கை ஓயிற வரைக்கும் தண்ணி ஊத்து!" "சோடாப் போத்தல்ல ஊத்தி வைக்காத! தாகத்தோட வாறவன் போத்தலத்தான் பாப்பான், உள்ள இருக்கிறத பாக்க மாட்டான்!" அவர் குரல் ஸ்டோரிலிருந்து மலையேறி, மரத்தடியில் பால் வெட்டிக்கொண்டிருக்கும் ஜெயம்மாவின் காது வரைக்கும் வரும். கேட்டுக் கேட்டு அவளுக்கு அது சாமிப் பாட்டு மாதிரி மனப்பாடம்.

அப்பேர்ப்பட்டவரே ஒரு போத்தலில் அசிட்டை ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் என்றால், அதற்குக் காரணம் கோயில் மணி. மாரியம்மன் திருவிழாவுக்கு மணியைத் துலக்குகிற பொறுப்பை அவர் ஏற்றிருந்தார். "அசிட்டு போட்டு நான் தேச்சா, எஹலியகொடையில இருக்கிறவன் கண்ணப் பொத்திக்கணும்" என்று கமிட்டியில் வாய்விட்டாயிற்று. "மணிக்குப் புளி போதும்னு சொல்லு" என்று ஜெயம்மா பூனை மூலமாகச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. கதவு மூலையில் கழுவிக் கவிழ்த்திருந்த சர்பத் போத்தல்தான் கையில் அகப்பட்டது. அதில் நிரப்பி, ரப்பர் துண்டைச் சுருட்டி இறுக்கி அடைத்து, பாலித்தீன் சுற்றி, நூல் போட்டுக் கட்டினார். ஆபத்தான சாமானை உயரத்தில் வைக்க வேண்டும். வீட்டில் உயரமான இடம் சாமித் தட்டு. முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜெயம்மாவிடம் சொல்ல வேண்டுமே என்று பூனையைத் தேடினார். அது சாக்குமேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற பூனையிடம் எதைச் சொல்வது? காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

காலையில் உப்பைப் பற்றித்தான் பேச நேர்ந்தது.

அந்தப் போத்தல் ஸாஹிராவுடையது. ஸாஹிரா, தெரணியகலைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மர்சூக்கின் மனைவி. ஜெயம்மாவுக்கு அவள்மேல் கூடப் பிறந்தவள் மாதிரிப் பாசம். நோன்புக் காலத்தில் சர்பத் நிரப்பி அனுப்பிய போத்தல் அது. ஒரு வீட்டிலிருந்து நிறைந்து வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பிப் போகக்கூடாது என்பது இரண்டு வீட்டிலும் சட்டம். ஸாஹிராவின் மகள் நஸ்லினுக்குக் கல்யாணம் வருகிறது, அச்சாறு ஊறுகாய் போட விநாகிரிக் காடி வாங்கி நிரப்பிக் கொடுக்கணும் என்று ஜெயம்மா கொஞ்ச நாளாகவே பூனையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அழகமுத்துவும் கேட்டார். அது பூனைக்கான சேதி என்று விட்டுவிட்டார்.

அன்றைக்கு ஸ்டோருக்குக் கொழும்பிலிருந்து ஒரு ஐயா வந்திருந்தார். அசிட்டை எப்படிக் கையாளுவது என்று கலர்ப் படங்களைச் சுவரில் மாட்டிச் சொல்லிக்கொடுக்கிறவர். நல்ல மனிதர், மெல்லப் பேசுவார். அவருக்காகக் கையுறை பலாப்பிசினோடு திரும்பி வந்தது, விறகு நனைந்தது, கோழி குடியெழுப்பப்பட்டது. அழகமுத்து எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, கண்ணாடியையும் கட்டிக்கொண்டு, படத்துக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி நின்றார். ஐயாவை ஏற்றி வந்த த்ரீவீல்காரன் சுதாகரன் வாசல் நிலையில் சாய்ந்து நின்று, அழகமுத்துவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"என்ன மாமா, அத்தைக்கு ஒங்க மேல இருந்த கோவமெல்லாம் போச்சு போல?" என்று கிசுகிசுத்தான்.

"யாருடா சொன்னா?"

"இப்பத்தான் பஸாருல எறக்கிவிட்டு வாறேன். திருவிழாவுக்கு எடுத்த பச்சச் சேல கட்டிக்கிட்டு, நூல் கட்டின போத்தல் ஒன்ன மடியில கொழந்தையாட்டம் வெச்சிக்கிட்டு, வழி முழுக்க ஒங்க பேச்சுத்தான். 'பூனைக்கிட்ட சொன்னதக் காதுல வாங்கி, விநாகிரி வாங்கியாந்து, போத்தல நெரப்பி, கட்டி, சாமித் தட்டுல கொண்டாந்து வெச்சிருக்காருடா ஒங்க மாமா. வாய்தான் அப்பிடி, மனசு வேற'ன்னு சொல்லி அழுதிருச்சு மாமா."

அழகமுத்துவுக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. பச்சைச் சேலை, அழுகை, மனசு வேறு. அதற்குப் பின்னால்தான் போத்தல் வந்தது. வாசத்தை வைத்தாவது கண்டுபிடித்திருக்க மாட்டாளா? எப்படிக் கண்டுபிடிப்பாள்? கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டுச் சட்டையிலும் பாயிலும் தலைகாணியிலும் அதே புளித்த வாசம்தான். அவளைப் பொறுத்தவரை அது புருசன் வீட்டில் இருக்கிற வாசம். போத்தலில் ஊற்றாதே என்று மலை கேட்கக் கத்துகிறவரே அதைச் செய்வார் என்று அவள் நினைப்பாளா?

"ஆபத்து வந்தால் பதற்றப்படக் கூடாது" என்று ஐயா படத்தைத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பொம்மை ஒரு கத்துக் கத்திக்கொண்டு ஓடியது. ஓடுகிற ஓட்டத்தில் இரண்டு வாளித் தண்ணீரையும் தூக்கிக்கொண்டது. ஐயாவின் படங்கள் காற்றில் படபடத்தன.

"வண்டிய எடுடா!"

அந்த இறக்கத்தில் சுதாகரன் ஓட்டிய ஓட்டத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள். வளைவுகளை அவன் எடுக்கவில்லை. வளைவுகள்தான் பயந்து நிமிர்ந்துகொண்டன. எதிரில் வந்த பஸ் ஒன்று மரியாதையாக வாய்க்காலில் இறங்கி நின்றது. வாளித் தண்ணீர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அழகமுத்துவின் மடியில் குதித்து, பூட்ஸுக்குள் இறங்கிக் குளமானது. அவர் ஒன்றையும் உணரவில்லை. இதே பள்ளங்களில்தானே அவள் மடியில் அந்தப் போத்தல் துள்ளியிருக்கும் என்று மட்டும் நினைத்தார். அடைப்பான் கொஞ்சம் நெகிழ்ந்திருந்தால்? அவள் அதைக் குழந்தை மாதிரிப் பிடித்திருந்தாளாம். பச்சைச் சேலையை எடுத்து வந்த அன்று பிரித்துப் பூனைக்குக் காட்டினாள். நன்றாக இருக்கிறதென்று பூனை சொல்லட்டும் என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார். கட்டி அவர் பார்க்கவில்லை. பாத்த வரைக்கும் போதும் என்று சொன்ன வாய்க்குள் மண்ணை அள்ளிப் போடவேண்டும் போலிருந்தது.

ஆற்றுப் பாலத்தடியில் வண்டி நின்றது. வடக்கில் போர் ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருசம் அது. ஆனாலும் ரோட்டின் குறுக்கே சோதனைக்கு வைத்த தார்ப் பீப்பாய்கள் அப்படியேதான் இருந்தன, ஒரு கான்ஸ்டபிளும் இருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் தவளைக் கண்ணாடியையும் முழங்கைக் கையுறையையும் கண்டு பின்னால் துள்ளினார்.

"மே மொகத மே?"

இது என்ன கூத்து என்று சிங்களத்தில் கேட்டவருக்குச் சிங்களத்திலேயே பதில் சொல்ல அழகமுத்துவுக்கு என்ன குறை? கனவே பாதி அந்தப் பாசையில்தான் வரும். ஆனால் அந்த நேரத்தில் நாக்கில் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது.

"அசிட்!"

ஒரு ரெண்டு வருசத்துக்கு முன்னால் என்றால் கதை அந்தப் பாலத்தோடு முடிந்திருக்கும். சுதாகரன் பாதி உடம்பை வெளியே போட்டு, மர்சூக் முதலாளி வீட்டுக் கல்யாண அச்சாறுக்குள் விசம் விழப்போகிறது என்று மூச்சுவிடாமல் சிங்களத்தில் கொட்டினான். கான்ஸ்டபிளுக்கும் அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பு உண்டு. அவர் பீப்பாயை நகர்த்தவில்லை. ஒரே உதை, அது ஆற்றில் விழுந்து அவிசாவளைப் பக்கம் மிதந்துபோனது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. கல்லாவில் இருந்த மர்சூக்கைத் தாண்டி, அரிசி மூட்டைகளைத் தாண்டி, அழகமுத்து தொப்புத் தொப்பென்று பின்வாசலுக்குள் பாய்ந்தார். அங்கே பெரிய மண்சட்டி நிறையச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பேரீச்சம்பழமும் கடுகு விழுதில் புரண்டு காத்திருந்தன. ஜெயம்மா பச்சைச் சேலையில், மணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நூலும் பாலித்தீனும் அவிழ்ந்து தரையில் கிடந்தன. ஸாஹிரா போத்தலை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, கையால் வராத அடைப்பானைப் பல்லால் கவ்வக் குனிந்துகொண்டிருந்தாள்.

"வாய வைக்காதீங்க!"

ஸாஹிரா நிமிர்ந்தாள். தவளை முகமும் கறுப்புக் கைகளுமாக ஒன்று தன்மேல் பாய்ந்து வருவதைப் பார்த்தாள்.

"யா அல்லா! இது என்ன வந்தீக்கி!" என்று அலறி, போத்தலை விட்டுவிட்டு எழுந்தாள்.

கீழே விழ இருந்ததை அழகமுத்து இரண்டு கையாலும் ஏந்தினார். தளர்ந்திருந்த அடைப்பான் தெறித்தது. ஒரு வீச்சு மேலெழும்பி வந்து அவர் முகத்தில் அறைந்தது. உலகம் கண்ணாடிக்கு வெளியே கலங்கி ஓடியது. கன்னத்தில் தீ. அப்படியும் போத்தலை அவர் விடவில்லை. கையை எட்டின மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத மூலைக்குப் பக்கவாட்டாக நடந்து, முட்டையை வைப்பதுபோல் தரையில் வைத்தார். பிறகுதான் "தண்ணி" என்றார்.

த்ரீவீல் வாளிகளில் ஒரு சொட்டும் இல்லை. எல்லாம் அவர் பூட்ஸுக்குள் இருந்தது.

திறந்த போத்தலின் மூக்கை எரிக்கும் வாசம் எட்டிய கணத்திலேயே ஜெயம்மாவுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தொட்டியில் வாளியை முக்கி அவர் தலையோடு கவிழ்த்தாள். இன்னொன்று. இன்னொன்று. அவர் கண்ணாடியில் கையை வைத்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

"கழட்டாதீங்க! மேல இருக்கிறது மொதல்ல போகட்டும்! கண்ண மூடிக்கங்க!"

மர்சூக் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்துத் தொட்டியில் ஊற்ற, அவள் முகந்து முகந்து ஊற்றினாள். கிணறு ஒரு முழம் இறங்கிவிட்டது என்று மர்சூக் பின்னால் சொன்னார். இரண்டு முழம் என்றும் சொல்லியிருக்கிறார். பச்சைச் சேலை நனைந்து கறுப்பாகிவிட்டது. அவள் முகத்தில் வழிந்ததில் எது கிணற்றுத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியவில்லை.

"போதும் புள்ள" என்று அழகமுத்து மூச்சுத் திணறிச் சொன்னார். "போதும்."

"எது போதும்?" அவள் வாளியை நிறுத்தாமல் கேட்டாள். பூனை இல்லாமல், நேராக அவரிடமே கேட்டாள். "எதங்க போதும்னு சொல்றீங்க?"

அவர் அதற்குமேல் அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை. தண்ணீருக்குக் கீழே குனிந்து நின்றார்.

கை ஓய்ந்த பிறகுதான் அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கன்னத்தில் கொப்புளம் கட்டியிருந்தது. வலது கண் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. இடது கண்ணின் ஓரத்தில் எப்படியோ ஒரு துளி புகுந்து, வெள்ளை சிவந்திருந்தது.

"கல்யாணத்துக்கு வார ஆக்கள் எல்லாரையும் ஒரே சகன் தட்டுல சாகடிச்சி மையத்தாக்கப் பாத்தீங்களே அழகமுத்து" என்று மர்சூக் சிரிக்கப் பார்த்தார். போத்தலை மணல் வாளிக்குள் நட்டு, யாரும் கிட்டப் போகாதபடி பக்கத்தில் கதிரை போட்டுத் தானே காவல் இருந்தார். ஸ்டோர் ஆட்கள் வந்து எடுத்துப்போகும் வரைக்கும் கல்லாவுக்குக்கூட எழுந்து போகவில்லை.

ஆஸ்பத்திரியில் இன்னொரு தரம் கண்ணைக் கழுவி, மருந்து விட்டு, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார்கள். ஆனாலும் தினமும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் பார்க்க வேண்டும். இடது கண்ணுக்கு மங்கல் தெரிந்தால் உடனே ஓடி வரவேண்டும்.

கொழும்பு ஐயா சுதாகரனின் வண்டிக்காகச் சாயங்காலம் வரை ஸ்டோர்ப் படியில் உட்கார்ந்திருந்தாராம். பஸாருக்குப் போகும்போதுகூடப் பாதுகாப்பு உடுப்பைக் கழற்றாத ஒரே தோட்டம் இதுதான் என்று போகிற இடமெல்லாம் புகழ்ந்து சொல்வதாகக் கேள்வி. கோயில் மணியைக் கடைசியில் புளி போட்டுத்தான் துலக்கினார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு பேரும் லயத்துக்குத் திரும்பினார்கள். ஸாஹிரா கடை விநாகிரியில் போட்ட அச்சாறை ஒரு பீங்கான் கோப்பை நிறையக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அந்தக் கோப்பையை எதைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பது என்ற கவலை ஜெயம்மாவுக்கு இனித்தான் தொடங்கவேண்டும். உடம்போடு காய்ந்த பச்சைச் சேலையை மாற்றக்கூடத் தோன்றாமல், அவள் லாம்பை ஏற்றினாள். அவருக்கு எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்தாள். நடுவில் பூனை, வழக்கம்போல் சேதி வாங்கிக்கொள்ளத் தயாராகக் காதை நிமிர்த்தியது.

"எடது கண்ணப் பொத்துங்க. என்ன தெரியிது?"

"பச்சச் சேல."

"அப்பறம்?"

"சேலைக்குள்ள ஒரு ராசாத்தி."

"ஆஸ்பத்திரிக்காரவுக கேட்டா இப்பிடியா சொல்லுவீங்க? இப்ப மத்தக் கண்ணப் பொத்துங்க. தெரியிதா?"

அழகமுத்து வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். சிவந்த கண்ணால் நெடுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் மங்கலா இருக்கு புள்ள. கிட்ட வா."

ஜெயம்மா சாக்கோடு நகர்ந்தாள். "இப்ப?"

"இன்னுங் கொஞ்சம்."

அவள் லாம்பைத் தூக்கி அவர் முகத்தருகே பிடித்தாள். பொய் சொன்னால் இந்த மனிதருக்கு இடது புருவத்தின் ஓரம் துடிக்கும். அதை அவள் கல்யாணமான மறுநாளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். இப்போது தேடினாள். துடிக்கிற அந்தப் பாதிதான் எரிந்துபோயிருந்தது. வெறும் தோல் லாம்பு வெளிச்சத்தில் மினுமினுத்தது.

"நெசமாத்தான் சொல்றீங்களா?" என்றாள்.

"கிட்ட வந்தாத்தானே புள்ள தெரியும்."

அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் இடமில்லாமல் போன பூனை எழுந்து, முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்துவிட்டு, அடுப்படிச் சூட்டைப் பார்த்து நடந்தது.